வெங்காயம் விளைந்த தென் துருவம்

பொய் சொல்லிப் பிழைக்க நினைக்கிறவர்கள் தவிர்க்கவேண்டிய துறை ஒன்று உண்டென்றால் அது இரசாயனவியல்தான். மனிதரிடம் பொய் சொல்லலாம். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள், மீதிப் பேர் மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்கள். தண்ணீருக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, யாருடைய தோட்டத்துக்குள்ளால் இறங்கியது என்று எல்லாவற்றையும் இயந்திரத்தின் முன்னால் ஒப்புவித்துவிடும். இதைப் பட்டப்படிப்பில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் எனக்கு அது விளங்கியது ஒரு கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை முற்பகலில்தான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதுக்குரிய புத்தியும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்குக் கொஞ்சம் வெளியே, தண்ணீர் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். சனங்கள் பழைய சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். உப்பு எவ்வளவு, உரம் எவ்வளவு என்று அளந்து கொடுப்போம். எங்கள் குடாநாட்டில் நிலத்துக்குக் கீழே மழைத் தண்ணீர், கடல் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் மேலே வந்து எட்டிப் பார்க்கும். ஆகவே வருகிற ஒவ்வொரு போத்தலிடமும் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ மழையா, கடலா?

அதே கேள்வியைத் தென் துருவத்து ஐஸிடம் கேட்கிறவர் கௌரி அக்கா. தெல்லிப்பழைக்காரர். பத்து வயதில் பெற்றோரோடு நோர்வேக்குப் போய், அங்கேயே படித்து, இரண்டு முறை துருவக் கரைக்குப் போய் ஐஸ் துளைத்து எடுத்துவந்தவர். அந்தக் கரையோடு ஒட்டிப்பிடித்துக் கிடக்கும் ஐஸ் பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் அதற்குள் மூன்று பூர்வீகம் கலந்திருக்குமாம். கடல் தண்ணீரே உறைந்தது ஒன்று. மேலே விழுந்த பனி அமுங்கி இறுகியது இன்னொன்று. தரையிலே எத்தனையோ ஆயிரம் வருடமாகக் கிடந்த பெரும் பனிப்பாளத்திலிருந்து உடைந்து வந்து சிக்கியது மூன்றாவது. எது எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்தக் கரை எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. உருக்கி, உப்புகளை அளந்து, ஒக்சிசனில் பாரம் கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று பார்த்துத்தான் பூர்வீகம் பிடிக்கவேண்டும்.

ஒரே ஐஸைத் துண்டுபோட்டுப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்து, எல்லோரும் ஒரே விடை சொல்கிறார்களா என்று அவருடைய குழு பார்த்துக்கொண்டிருந்தது. கௌரி அக்கா பிடிவாதமாக நின்று எங்கள் ஆய்வுகூடத்தின் பெயரையும் சேர்த்துவிட்டிருந்தார். ஒக்சிசன் அளக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. உப்புகளை மட்டும் நாங்கள் அளக்கவேண்டும்.

அவர் ஊருக்கு வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய அப்பா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்தார். சொந்த ஊரில்தான் சாகவேண்டும் என்று நோர்வேயிலிருந்து திரும்பி வந்த மனிதர். அந்த விருப்பம் மெல்ல மெல்ல நிறைவேறிக்கொண்டிருந்தது.

கௌரி அக்கா கொண்டுவந்தது மூன்று துண்டு ஐஸ். ஒவ்வொன்றும் அரைச் செங்கல் அளவு. சிவப்பு, நீலம், மஞ்சள் நாடாக்கள் கட்டிய மூன்று பைகளில் இருந்தன. எந்த நிறம் எந்தப் பூர்வீகம் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லமாட்டார். அதுதான் பரீட்சை.

"திங்கட்கிழமை காலமை நானே வந்து நிண்டு பாப்பன். அதுவரைக்கும் உருகாமல் வைச்சிருக்க வேணும். ஆர் பொறுப்பு?" என்று கேட்டார்.

எங்கள் பொறுப்பாளர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"நான் பாக்கிறன் அக்கா. எங்கடை அண்ணை பருத்தித்துறையிலை ஐஸ் பக்டரி நடத்துறார். எங்கடை வீட்டிலை தொட்டில் கட்டினதே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலைதான்."

"அப்பிடியெண்டால் எனக்குக் கவலை இல்லை, வதனி," என்றார் அவர். இன்றைக்கும் அந்த வார்த்தை காதுக்குள் கிடக்கிறது.

இந்தச் சோதனை சரிவந்தால் அடுத்த துருவப் பயணத்துக்கு எங்களில் ஒருவரை உதவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நான்தான் என்று எனக்குள்ளே முடிவாகிவிட்டது. அன்று பின்னேரமே சந்தைக்குப் போய்த் தடித்த சுவெற்றர் ஒன்று வாங்கினேன். (நுவரெலியாவுக்குப் போறியளோ என்று கடைக்காரர் கேட்டார். அதைவிடக் கொஞ்சம் தள்ளி என்றேன்.)

வெள்ளிக்கிழமை விடிந்தபோதே வானம் தலைக்கு மேலே இறங்கி வந்திருந்தது. வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. ஆய்வுகூடத்து ஜெனரேற்றர் இருமியது, புகைத்தது, பிறகு அதுவும் நின்றது. கௌரி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். கேட்கிற பிள்ளை என்றால் கேட்டிருக்கும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிய பிள்ளை எப்படிக் கேட்கும்? மூன்று பைகளையும் றெஜிபோம் பெட்டி ஒன்றில் அடுக்கினேன். எங்கள் மீன் எல்லாம் கொழும்புக்குப் போகிற அதே வெள்ளைப் பெட்டிதான். ஓட்டோ ஒன்றைப் பிடித்துப் பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டேன். வல்லை வெளியில் காற்று ஓட்டோவை ஒருபக்கமாகத் தூக்கியது. ஓட்டோக்காரர் தெரிந்த கடவுள்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விஞ்ஞானத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் பட்டியலில் என் பெயரை எந்த இடத்தில் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் பக்டரியில் அண்ணை இல்லை. புயலுக்கு முந்தி வள்ளங்களை இழுத்துக் கட்டுவதற்காகக் கடற்கரைக்குப் போயிருந்தார். நானே குளிர் அறைக்குள் போய் ஒரு மூலையில் பெட்டியை வைத்தேன். மூடிமேலே பெரிய எழுத்தில் 'தொடவேண்டாம்' என்று எழுதினேன். எழுதியது தண்ணீர் பட்டால் அழிகிற பேனையால். குளிர் அறைக்குள். நான் இரசாயனவியல் பட்டதாரி.

அண்ணை அன்று முழுக்க வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். நான் வீட்டில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அண்ணி இரண்டு முறை வந்து, உலகமே அழிந்தாலும் உனக்கு ஒன்றுமில்லையோ என்று கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை. என்னுடைய ஐஸ் பத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டதும் பக்டரிக்குப் போனேன். பருத்தித்துறைக்கு முதல்நாள் இரவே மின்சாரம் வந்திருந்தது. குளிர் அறை மூலையில் பெட்டி இல்லை. வெளியே, வாசல் பக்கத்தில், மூடி இல்லாமல் கிடந்தது. உள்ளே மீன் செதிலும் கொஞ்சம் கலங்கல் தண்ணீரும் இருந்தன. சிவப்பு, நீல, மஞ்சள் நாடாக்களோடு மூன்று வெறும் பைகள் சீமெந்துத் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

இரண்டு நாள் நித்திரை இல்லாத கண்களோடு அண்ணை கதிரையில் சாய்ந்திருந்தார்.

"அண்ணை, இந்தப் பெட்டிக்குள்ளை இருந்த ஐஸ் எங்கை?"

"உதோ? நேற்று மத்தியானம் கரன்ற் இல்லை, ஐஸும் முடிஞ்சுபோச்சு. லொறி வெளிக்கிட நிக்குது, கடைசிப் பெட்டி அறுக்குளா மீனுக்குக் கொஞ்ச ஐஸ் காணேல்லை. உதை எடுத்து நொறுக்கிப் போட்டு அனுப்பினனான். ஏன்?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

அந்த இடத்திலேயே ஓவென்று அழுது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது. நான் சொல்லவில்லை. அண்ணையின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று பல வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை அது இல்லை. அந்த நேரம் எனக்கு முன்னால் தெரிந்தது சுவெற்றர் ஒன்றுதான். எத்தனையோ ஆயிரம் வருடம் உருகாமல் கிடந்த ஐஸ், நான் பொறுப்பெடுத்த மூன்றாம் நாள், ஏ ஒன்பது வீதியில், அநுராதபுரத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ லொறியின் பின்கதவால் ஒழுகிப் போயிருந்தது. கொழும்பில் யாரோ அந்த அறுக்குளாவைப் பொரித்துத் தின்றிருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மூன்று துண்டு ஐஸ்தானே, நானே செய்தால் என்ன? விடை என்ன வரவேண்டும் என்பது தெரியும். ஒன்று கடல், ஒன்று பனி, ஒன்று பனிப்பாளம். ஆய்வுகூடம் பூட்டியிருந்தது, காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் எடுக்க வழியில்லை. ஐஸ் பக்டரிக்குள் என்ன கிடைத்ததோ அதை வைத்துத் தென் துருவத்தை உண்டாக்கத் தொடங்கினேன்.

பனிப்பாளத்துக்கு, பக்டரியில் புதிதாக உறைந்த ஐஸ் கட்டியில் ஒரு துண்டு உடைத்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. (உடுப்பிட்டிப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றிலிருந்து பௌசர் லொறியில் வருகிற தண்ணீர். அந்தத் தோட்டத்தில் வருடம் முழுக்க வெங்காயம். ஏக்கர் கணக்கில் வெங்காயம். இது எனக்குத் தெரியாத விசயமா?) பனிக்கு, குளிர் அறைக் குழாய்களில் படிந்திருந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டி, பிட்டுக் குழைக்கிற மாதிரி அமத்திப் பிடித்தேன். குழாய்களுக்குள் ஓடுகிற அமோனியா கொஞ்சம் மணந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டேன். கடலுக்கு, துறைமுகத்தில் ஒரு வாளி மொண்டேன். கடல் உறையும்போது பெரும்பகுதி உப்பைக் கக்கிவிடும் என்பது படித்த பிள்ளையாகையால் எனக்குத் தெரியும். ஆகவே ஒன்றுக்கு ஆறு நல்ல தண்ணீர் கலந்து, தகரத்தில் ஊற்றி உறையவைத்தேன். அதிலே மட்டும் நான் கெட்டிக்காரி. தண்ணீரின் மேலே வானவில் மாதிரி மினுங்கிய மண்ணெண்ணெயைக் கவனிக்கவில்லை.

எந்த நிறப் பைக்குள் எதைப் போடுவது? தெரியாது. சிவப்பு ஆபத்து, கடலும் ஆபத்து, ஆகவே சிவப்புக்குள் கடலைப் போட்டேன். இப்படியான ஆழ்ந்த ஆராய்ச்சியின் பின்னர் நீலத்துக்குள் பனிப்பாளமும் மஞ்சளுக்குள் பனியும் போயின. பைகளைக் குழாயடியில் கழுவித்தான் போட்டேன். சுத்தம் முக்கியம்.

பின்னேரம் ஆய்வுகூடத்துக்கும் மின்சாரம் வந்து, காவலாளியும் திறந்துவிட்டார் என்று அறிந்து, மூன்றையும் கொண்டுபோய் ஆய்வுகூடத்துக் குளிர்ப் பெட்டிக்குள் வைத்தேன். அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன் என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கௌரி அக்கா வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார் என்பது உடுப்பின் மருந்து மணத்திலேயே தெரிந்தது.

"அப்பாவுக்கு எப்பிடி அக்கா?"

"இண்டைக்கு நல்லாக் கதைக்கிறார். கன நாளைக்குப் பிறகு சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லுறார். விட்டிட்டு வர மனமில்லை. நீங்கள் எல்லாரும் ஆயத்தமாய் நிப்பியள் எண்டுதான் வந்தனான். ஒரு மணித்தியாலத்திலை முடிச்சிட்டு ஓடவேணும்."

ஐஸ் உருகியது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு என்று சொல்லும் கருவியை முதலில் சிவப்புக்குள் விட்டார். இலக்கத்தைப் பார்த்தார். கருவியைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டார்.

"இது உப்பாய் இருக்கேலாதே," என்றார்.

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

நீலத்தைப் பார்த்தார். "இது இவ்வளவு குறைவாய் இருக்கேலாது." யோசித்தார். தன்னுடைய கையில்தான் பிழை என்று நினைத்தார். கருவியை முதலிலிருந்து சரிசெய்தார். அதே இலக்கங்கள். மறுபடியும் சரிசெய்தார். மறுபடியும் அதே. பிறகு, நோர்வேயில் பையில் போட்டவர்கள் நாடாவை மாற்றிக் கட்டிவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்தது. அங்கே அப்போது இன்னும் விடியவில்லை. கூட வேலைசெய்கிற ஒருவரை எழுப்பி, அவர்கள் மொழியில் நெடுநேரம் கதைத்தார். மன்னிப்புக் கேட்கிற குரலில் கதைத்தார். நான் பக்கத்தில் நின்று, துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் அவருடைய தொலைபேசி அடித்தது. அம்மா.

"ஓம் அம்மா… அப்பா கேக்கிறாரோ? இன்னும் கொஞ்ச நேரம் எண்டு சொல்லுங்கோ. இஞ்சை ஒரு சிக்கல். வந்திடுறன்."

அப்போது சொல்லியிருக்கலாம். துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி இரண்டாம் முறையும் அடித்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

பதினொரு மணிபோல, ஒவ்வொரு உப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற பெரிய இயந்திரத்திலிருந்து விடை வந்தது. கௌரி அக்கா தாளைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு விரலை ஓர் இலக்கத்தின்மேல் வைத்தார், இன்னொன்றுக்கு நகர்த்தினார். மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மணந்து பார்த்தார். அந்த முகம் குழப்பத்திலிருந்து மெல்ல மெல்ல வேறொன்றாக மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே ஆள் நான்.

"வதனி."

"ஓம் அக்கா."

"நீலத்துக்குள்ளை தோட்டத்து உரத்திலை வாற நைத்திரேற்று நிரம்பிக் கிடக்கு. கல்சியமும் அப்பிடித்தான். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணத்திலைதான் உப்பிடி இருக்கும். மஞ்சளுக்குள்ளை அமோனியா. சிவப்பிலை மண்ணெண்ணெய் மணக்குது." அவர் குரல் உயரவே இல்லை. "நான் ரெண்டு முறை அங்கை போனனான். அங்கை ஒருத்தரும் வெங்காயம் செய்யிறதை நான் காணேல்லை."

பொறுப்பாளர் சிரிக்கத் தொடங்கி, எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பேனை, லொறி, அறுக்குளா, கரண்டி, வாளி. அழுதுகொண்டு சொன்னதால் இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது. கௌரி அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். செருப்பைப் போட்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஐஸ் போனது போகட்டும். உம்மிலை எனக்கு அந்தக் கோபம் இல்லை. நான் வந்த உடனை சொல்லியிருந்தால், இந்த மூண்டு மணித்தியாலமும் அப்பாவோடை இருந்திருப்பன்."

அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அப்பா களைத்து உறங்கிவிட்டிருந்தாராம். விழித்த பிறகு அவ்வளவாகக் கதைக்கவில்லை. வியாழக்கிழமை இறந்துபோனார்.

செத்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். (இன்னொரு பொய். ஆனால் உடம்பு உண்மையாகவே சுட்டது, என்னைவிட அது நேர்மையானது.) ஆய்வுகூடத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கௌரி அக்காவின் குழு பிறகு தயாரித்த அட்டவணையில் எல்லா நாட்டு ஆய்வுகூடங்களுக்கு எதிரேயும் இலக்கங்கள் இருந்தன. எங்களுக்கு எதிரே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை வரைந்தவள் நான்.

எட்டுச் செலவுக்கு, அதாவது இறந்தவருக்குப் படைக்கிற எட்டாம் நாளுக்கு, கட்டாயம் போகவேண்டும் என்று அண்ணை நின்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகிற வழியில், அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபம். அவர் ஓரமாக நிற்பாட்டினார். பின்னால் வந்த பஸ் ஹோர்ண் அடித்துவிட்டுப் போனது.

"எடி, உதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"ஓம்."

"நான்தானே நொறுக்கினது. நானே சொல்லுறன், வா."

படையல் முடிந்து, சனம் சாப்பிட்டுவிட்டு முற்றத்துப் பந்தலின்கீழ் ஆளுக்கொரு பக்கம் இருந்தது. கௌரி அக்கா உள்ளே ஒரு பாயில் அம்மாவோடு இருந்தார். அண்ணை போய் முன்னால் குந்தினார். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

"அக்கா, நான் வதனியின்ரை அண்ணை. உங்கடை ஐஸை நொறுக்கினவன் நான்தான். அவள் பிறகு செய்த வேலைக்கு நான் ஒண்டும் சொல்ல வரேல்லை, அது பிழை. ஆனால் தொலைச்சது நான். தெரியாமல் செய்துபோட்டன்."

"பரவாயில்லை தம்பி. நீங்கள் என்ன செய்வியள்."

அத்தோடு எழும்பியிருக்கலாம். அண்ணை எழும்பவில்லை. தொழில்காரனுக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது.

"ஒரு விசயம் கேக்கலாமோ? உது என்ன ஐஸ் அக்கா? நான் இருவது வருசமாய் ஐஸ் போடுறன், உப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை. மீனுக்குப் போடமுந்தி நக்கிப் பாத்தனான்."

கௌரி அக்கா நிமிர்ந்தார். "என்ன செய்தனீங்கள்?"

"நக்கிப் பாத்தனான். கண்ட தண்ணி ஐஸைப் போட்டால் மீன் பழுதாகிப்போம் எல்லோ. நீல நாடாப் பையிலை இருந்தது உப்பு. கடல் உப்புத்தான், ஆனால் கடலளவு இல்லை. மஞ்சளிலை இருந்தது ஒரு ருசியும் இல்லை, கையாலை அமத்தினால் மா மாதிரி உதிருது. சிவப்புத்தான் எனக்கு விளங்கேல்லை. அதுகும் ருசி இல்லை. ஆனால் வாய்க்குள்ளை வைக்கச் சடசடவெண்டு வெடிக்குது. உள்ளுக்குள்ளை காத்து அடைச்சு வைச்ச மாதிரி."

கௌரி அக்கா அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு கோணியது. கையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான்கு பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் எட்டுச் செலவன்று, எல்லாச் சனத்துக்கும் நடுவில், மூச்சு முட்டச் சிரித்தார். பந்தலில் கதை நின்றது. பெரியவர் ஒருவர் "பிள்ளைக்குச் சோகம் தலைக்கேறிப்போச்சு, தண்ணி குடுங்கோ" என்றார்.

"நீலம் கடல், மஞ்சள் பனி, சிவப்புப் பனிப்பாளம்," என்று கண்ணைத் துடைத்தபடி சொன்னார் கௌரி அக்கா. "அந்தக் காத்து எத்தினையோ ஆயிரம் வருசத்துக் காத்து, தம்பி. மூண்டும் சரி. நோர்வேயிலை எவ்வளவு இயந்திரம் வைச்சுப் பாத்தும் அவங்கள் சொன்னது உதைத்தான்."

பிறகு அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அம்மா மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

நான் துருவத்துக்குப் போகவில்லை. சுவெற்றரை அண்ணை குளிர் அறைக்குள் போகும்போது போட்டுக்கொள்கிறார். நான் அதே ஆய்வுகூடத்தில், அதே சோடாப் போத்தல்களோடு இருக்கிறேன். கௌரி அக்கா ஒரு வருடம் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு வந்தபோது அண்ணையைக் கூப்பிட்டனுப்பினார். கூட வந்த என்னையும் வா என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் திவசத்துக்கு நாங்கள் எல்லோரும் போகிறோம்.

கதை சொல்கிறவர் அண்ணி. அவர் அங்கே இருக்கவே இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. நான் ஒரு வாளியில் கலந்த உப்புத் தண்ணீர் இப்போது இரண்டு பரல் ஆகிவிட்டது. போன முறை பென்குயினுக்கு எங்கள் வீட்டுத் தாரா வாத்தைப் பிடிக்கப் போனேன் என்றும் சேர்த்துக்கொண்டார். எங்கள் உறவுக்குள் கலியாணமோ பிறந்தநாளோ, சர்பத்தில் ஐஸ் மிதந்தால் போதும், யாராவது ஒருவர் கிளாஸை அண்ணையிடம் நீட்டி, "நக்கிப் பாத்துச் சொல்லுங்கோ, உது எவ்விடத்து ஐஸ்?" என்று கேட்பார்கள். அண்ணை கண்ணை மூடி ருசி பார்த்து, "பயப்பிடாமல் குடியுங்கோ, தங்கச்சி செய்தது இல்லை" என்பார். வீடு அதிரும். நானும் சிரிப்பேன். சிரிக்கப் பழகிவிட்டேன்.

ஆனால் தெல்லிப்பழையில், அந்தத் திவச வீட்டில், அண்ணியின் கதை திங்கட்கிழமை காலைக்கு வருகிறபோது கௌரி அக்கா மெல்ல எழும்புவார். "தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்பார். நானும் பின்னாலே எழும்பிப் போவேன். குசினிக்குள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, வெங்காயத்துக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு திரும்பி வருவோம்.